மடங்காத மெத்தை

சூரமங்கலத்தில் எங்கள் சித்தி வீட்டு அடுப்படியிலிருந்து காலை நேரத்தில் புளி கொதிக்கும் வாசனை வந்தால், அன்றைக்கு யாரோ ஓர் உறவினர் ஊருக்குக் கிளம்பப் போகிறார் என்று அர்த்தம். அது அந்த உறவினருக்கு மட்டும் தெரிந்திருக்காது. அவர் பாட்டுக்கு முன்னறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு இரண்டாவது காப்பிக்குக் காத்திருப்பார். சித்தி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நிற்பாள்.

"ஏனுங்க, நல்லெண்ணெய் தூக்கலா ஊத்திப் புளிச்சோறு கிண்டியிருக்கறேனுங்க. நாளைக்கு வரைக்கும் கெடாது. வாழையெலையில கட்டட்டுமா, தூக்குப்போசியில போட்டுத் தரட்டுமா?"

இலையா, போசியா என்பதுதான் கேள்வி. போவதா, இருப்பதா என்று அவள் கேட்கவே இல்லை, பாருங்கள். "எலையிலயே கட்டீரு அம்மிணி" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் மனிதர் திகைத்துப்போய் மேல்துண்டைத் தேடுவார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பாவுக்கு சேலம் ஜங்ஷனில் பார்சல் ஆபீசில் வேலை. அவர்களுக்குக் கொடுத்திருந்த ரயில்வே வீட்டில் முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, அடுப்படி ஒன்று. ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடலாம். அதுதான் வினை. நாமக்கல் பக்கத்திலிருந்து மெட்ராசுக்கோ கோயமுத்தூருக்கோ ரயில் ஏற வருகிற எங்கள் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அதுதான் சத்திரம். ரயிலுக்கு முதல் நாளே வந்துவிடுவார்கள். சிலர் ரயிலை விட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். ரயிலே இல்லாமல் கண்ணாஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, புதுப்படத்துக்கு என்று வருகிறவர்களும் உண்டு. போதாக்குறைக்கு சித்தப்பா ஒரு வெகுளி மனுஷன். பிளாட்பாரத்தில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், "ஊட்டுக்கு வந்துட்டுத்தான் போகோணும்" என்று பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொள்வார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்த ஒறம்பரையை, அதாவது விருந்தாளியாக வந்த சொந்தக்காரரை, "எப்பப் போறீங்க?" என்று கேட்டுவிட முடியாது. கேட்டால் தொலைந்தது. அடுத்து வருகிற கல்யாணப் பந்தியில் எல்லாம் அந்தப் பேச்சுதான் ஓடும். சித்தி அப்படி ஒரு சொல் கேட்டாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அவளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகமும் வராது. குள்ளமாக, உருண்டையாக இருப்பாள். எப்போதும் எதையோ கேட்டு ஆச்சரியப்பட்டது போல வாய் லேசாகத் திறந்திருக்கும். "எனக்கென்னங்க தெரியும், நானு ஏழாங்கிளாசு" என்பது அவள் வாயில் ஓயாமல் வருகிற பேச்சு. அதை அவள் சொன்னால் எதிரில் இருப்பவர் எதையோ இழக்கப் போகிறார் என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து சித்தப்பாவுக்கு ஒரு பங்காளி முறை. நிலத் தகராறு ஒன்றுக்காகக் கோர்ட்டுக்கு வந்தார். வாய்தா தள்ளிப்போனது. அடுத்த வாய்தா வரைக்கும் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். சித்தி முகம் கோணவில்லை. மறுநாள் காலையில் மண்ணெண்ணெய் டின்னோடு வந்து நின்றாள். "பெரியவங்களே, அந்த ரேஷன் கடைக்காரன் பொம்பளைன்னா ஏமாத்தறானுங்க. உங்களாட்டம் கோர்ட்டு கச்சேரி ஏறுனவங்க போய் நின்னா பயப்படுவான்" என்றாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு போனார். அடுத்து மிளகாய் அரைக்க மில். அடுத்து சித்தியின் பையன்கள் இரண்டு பேரையும் பள்ளிக்கூடத்தில் விட. ஒவ்வொன்றுக்கும் அத்தனை மரியாதை, அத்தனை கும்பிடு! வாரம் முடிவதற்குள், ஆட்டையாம்பட்டிக்கும் சேலத்துக்கும் நடுவே டவுன் பஸ் ஓடுவது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அரைமணி, முக்கால்மணிப் பயணத்துக்கும் சித்தி புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். அதை அவர் பஸ் கிளம்புவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டதாகக் கேள்வி.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்கிறேனே தவிர, அப்போது எனக்குப் பயம்தான். ஏனென்றால் அந்த வீட்டில் நானும் ஓர் ஒறம்பரை.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு சேலம் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து காலை ஆறு மணி ஷிப்டுக்கு எந்த பஸ்ஸிலும் வந்து சேர முடியாது. "ஆஸ்டல் கெடைக்கற வரைக்கும் ரெண்டு நாளு" என்று சொல்லித்தான் டிரங்குப் பெட்டியோடு சித்தி வீட்டுக்கு வந்தேன். ஆஸ்டலில் இடம் கிடைப்பதாகத் தெரியவில்லை. வாரங்கள் ஓடின. தினமும் கண் விழித்ததும் நான் செய்கிற முதல் காரியம், மூக்கை உறிஞ்சிப் பார்ப்பது. புளி வாசனை இல்லையென்றால் நிம்மதியாகப் பல் தேய்க்கப் போவேன். ஒரு நாள் ரசத்துக்குப் புளி கரைத்த வாசனைக்கே பாதிப் பெட்டியை அடுக்கிவிட்டேன். சொன்னால் சிரிப்பீர்கள்.

முன்னறையில் ஆண் ஒறம்பரைகள் படுத்திருப்பார்கள். உள்ளறை சித்தி குடும்பத்துக்கு. எனக்கு அடுப்படியில் ஆட்டாங்கல்லுக்குப் பக்கத்தில் பாய். ஒரு நாள் மெட்ராஸ் போவதற்காக என் அப்பா ஒரு லாரியைப் பிடித்து விடியற்காலையிலேயே வந்து இறங்கினார். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏம்புள்ள, இதென்ன கோலம்? கெவருமெண்டு சம்பளம் வாங்கற புள்ள ஆட்டாங்கல்லக் கட்டிப் புடிச்சுட்டுத் தூங்குது!"

சித்தி வந்தாள். அப்பாவுக்கு அவள் கொழுந்தியாள். இரண்டு பேருக்கும் பேச்சில் எப்போதும் ஒரு கேலி ஓடும். அன்றைக்கு அப்பா கேலி பேசவில்லை.

"இதா பாரு அம்மிணி. போறவன் வர்றவன் படுக்கற சத்திரத்துல வயசுக்கு வந்த புள்ளைய வெச்சிருக்க முடியாது. அடுத்த அமாவாசைக்கு வாரேன். அதுக்குள்ள இவளுக்குன்னு ஒரு எடம் இருக்கோணும். இல்லீன்னா கூட்டிட்டுப் போயிருவேன். நாமக்கல்லுல ஒரு மாப்பிள்ள இருக்கறாரு. ரெண்டு லாரி ஓடுது. இவ போன் எடுத்து அல்லோ சொல்லித்தான் ஆகோணும்னு ஒண்ணும் இல்ல."

ஹெட்போனை மாட்டி, ஒயரைச் சொருகி, ஊர் ஊராகக் குரல்களை இணைத்துவிடுகிற அந்த நாற்காலி எனக்கு உயிர். சித்தி வாயைக் கொஞ்சம் திறந்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்னாச் சரியாத்தானுங் மாமா இருக்கும். எனக்கென்ன தெரியும், ஏழாங்கிளாசு" என்றாள். போச்சுடா, நம் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

இந்த நேரம் பார்த்து சித்தப்பாவின் மேலதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போனார். போகும்போது ஒரு சோபா கம் பெட்டை சித்தப்பா தலையில் கட்டிவிட்டார். இரும்புக் குழாய்ச் சட்டம். பகலில் மடித்தால் சோபா, ராத்திரி இழுத்தால் இரண்டு பேர் படுக்கிற கட்டில். அதிலிருந்த பஞ்சு மெத்தையை எலி தின்றுவிட்டிருந்தது. சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"இனி வர்றவங்கள பாயில படுக்க வெக்க வேண்டாம். ரெண்டு பேரு ராசாவாட்டம் படுக்கலாம். காலையில மடிச்சுட்டா உக்காரவும் ஆச்சு!"

ஒறம்பரைகள் ராஜா மாதிரி படுத்தால் எப்போது எழுந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அமாவாசை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா சட்டத்தை மடித்துப் பார்த்து, நடுவில் மெத்தைக்கு இருக்கிற இடைவெளியை ஒரு நூலால் அளந்து, அதில் சரிபாதியில் முடிச்சுப் போட்டார். "ரெண்டு இஞ்சு. இந்த முடிச்சுக்கு மேல ஒரு நூலு கனம் கூடுனாலும் மடங்காது. புரிஞ்சுதா?" என்று சித்தியின் கையில் கொடுத்தார். சித்தி அதைப் பிரசாதம் போல வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கு அன்று வார விடுமுறை. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் புறப்பட்டாள்.

மெத்தைக் கடைக்காரர் நல்ல ஆகிருதி. மதியச் சாப்பாடு முடித்து வெற்றிலை போட்டிருந்தார். மடிக்கிற கட்டிலுக்கு என்றதும் விளக்க ஆரம்பித்தார்.

"எலவம்பஞ்சுன்னா மடிக்க மடிக்க ஒரு பக்கமா ஒதுங்கிக்குமுங்க. தேங்கா நாரு மடங்கவே மடங்காது, முறிஞ்சு போயிரும். உங்களுக்கு ரப்பர் மெத்தைதான் சரி. அதுலயும் சும்மா பஞ்சாட்டம் இருக்கறது இல்லீங்க. இது ரப்பர் மரத்துப் பால்லயே செஞ்சது. பால நொரைக்க நொரைக்க அடிச்சு, அச்சுல ஊத்தி, ஆவியில வேக வெச்சு எடுக்கறாங்க."

"அப்ப இட்லிங்கறீங்க" என்றாள் சித்தி.

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "அப்படியும் சொல்லலாமுங்க."

இட்லி என்றானபிறகு சித்திக்குத் தெரியாதா என்ன? விரலால் அழுத்திப் பார்த்தாள். எழும்புகிறதா என்று குனிந்து பார்த்தாள். முகர்ந்து பார்த்து, "சைக்கிள் டியூப்பு வாசமல்ல அடிக்குது" என்றாள். "கொஞ்ச நாள்ல போயிருமுங்க" என்றார் அவர். அடிப்பக்கம் வரிசை வரிசையாக ஓட்டை இருந்தது. அது எதற்கு என்று கேட்டாள். காற்றுப் போக என்றார். "மூட்டப்பூச்சிக்கும் போக வர வழியாச்சே" என்றாள். ரப்பரில் மூட்டைப்பூச்சி அண்டாது என்று அவர் சத்தியம் செய்தார்.

"படுத்துப் பாத்தாத்தானுங்க தெரியும்."

"தாராளமாப் படுத்துப் பாருங்க."

"நல்லா இருக்குதே! பொம்பளைங்க கடைவீதியில மல்லாந்து படுக்க முடியுமுங்களா? நீங்க படுங்க சாமி."

கடைக்காரர் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவர் துண்டை உதறிப் போட்டுவிட்டு இரண்டு இஞ்சு மெத்தையில் படுத்தார். கீழே பலகை. "இடுப்பு எப்படிங்க இருக்குது?" என்றாள். "கொஞ்சம் பலகை தட்டுதுங்க" என்று உண்மையைச் சொன்னார். அடுத்து நாலு இஞ்சு மெத்தை. அதில் படுத்ததும் அவர் முகமே மாறிவிட்டது. கை இரண்டும் தானாக வயிற்றின் மேல் போய்ச் சேர்ந்தன. தலையணை விலை கேட்டு வந்த வேறொருவருக்கு எழாமலேயே விலை சொன்னார். பிறகு பேச்சு வரவில்லை. மெல்லிய குறட்டைதான் வந்தது.

சித்தி இரண்டு கையையும் தட்டி அவரை எழுப்பினாள். "இதயே குடுத்துருங்க."

"அம்மா, இது நாலு இஞ்சுங்க. மடிக்கற கட்டிலுக்கு ஆகாதுங்க. மடிச்சா எட்டு இஞ்சு ஆயிருமே. கட்டில் மூடாது" என்றார் அவர் பதறிப்போய். நேர்மையான மனிதர், பாவம்.

"எனக்கென்னங்க தெரியும், ஏழாங்கிளாசு. நீங்களே தூங்கிப் போயிட்டீங்க. அப்பறம் என்ன?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "சித்தி, சித்தப்பா முடிச்சுப் போட்ட நூலு இருக்குதுங்களே" என்று வாயைத் திறந்தேன். என் இடுப்பில் ஒரு கிள்ளு விழுந்தது. அம்மாடி! மூன்று நாள் கன்றிப்போய்க் கிடந்தது. அந்தக் கிள்ளில்தான் எனக்கு விவரம் புரிந்தது. இரண்டு இஞ்சு எது, நாலு இஞ்சு எது என்று அங்கே இருந்த யாரையும்விட அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"உறையப் பிரிச்சுட்டா திருப்பி எடுக்க மாட்டமுங்க. நல்லா ரோசன பண்ணிக்குங்க" என்று கடைசியாக ஒரு தரம் எச்சரித்தார் கடைக்காரர். சித்தி அங்கேயே குனிந்து, உறையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள்.

கைவண்டியில் மெத்தையை அனுப்பிவிட்டு நாங்கள் டவுன் பஸ்ஸில் வந்தோம். வழியில் உதிரி மல்லிகை வாங்கி, பஸ்ஸிலேயே கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள்.

சாயந்திரம் சித்தப்பா வந்து பார்த்தார். மெத்தை கட்டிலின் மேல் பரந்து விரிந்து கிடந்தது. மடித்தார். மூடவில்லை. முட்டியை வைத்து அழுத்தினார். மூடுவது போல வந்து மறுபடியும் விரிந்தது. பையன்கள் இரண்டு பேரையும் மேலே ஏறச் சொல்லிவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்தார். கட்டில் ஒரு தரம் எம்பி, மூன்று பேரையும் சுவரோரமாக இறக்கிவிட்டது. பையன்களுக்கு ஒரே குஷி, "இன்னொருக்கா அப்பா, இன்னொருக்கா!" என்று குதித்தார்கள்.

"மடிக்கறதுக்குன்னு ஒரு கட்டிலு, மடங்காத ஒரு மெத்தை! அளந்து முடிச்சுப் போட்டுக் குடுத்தனே, அந்த நூலு எங்க?"

சித்தி தலையைத் தொட்டாள். "பூக் கட்ட நூலு இல்லீன்னு எடுத்துட்டேனுங்க."

சித்தப்பா அவளுடைய கொண்டையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் குளிக்கப் போய்விட்டார். சித்தி என் டிரங்குப் பெட்டியை அடுப்படியிலிருந்து இழுத்து வந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். என் சேலைகளைக் கட்டிலின் தலைமாட்டில் மடித்து அடுக்கினாள்.

"மடங்க மாட்டீங்குது. விரிச்சது விரிச்சபடி சும்மா கெடந்து என்ன பண்றது? நீ படு கண்ணு" என்றாள், வேறு வழியே இல்லாதவள் மாதிரி.

அன்றிலிருந்து முன்னறை என்பது ஒரு கட்டிலும், கதவு திறக்கிற அளவுக்கு இடமும்தான். வயசுப் பெண்ணின் சேலையும் சீப்பும் கிடக்கிற அறைக்குள் எந்த ஆம்பளை வந்து படுப்பான்? ஆட்டையாம்பட்டிப் பங்காளி வந்தார், நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தார், மோர் குடித்தார், போனார். ஊரெல்லாம் ஒரே பேச்சு. பாவம், வெள்ளந்தியாக இருக்கிறாள் என்று கடைக்காரன் நன்றாக ஏமாற்றிவிட்டானாம். துக்கம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். சித்தியும் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்வாள். "என்ற தலையெழுத்துங்க" என்பாள்.

சொன்னபடி அமாவாசைக்கு அப்பா வந்தார். ராத்திரி தங்கி, காலையில் என்னைக் கூட்டிப்போகிற ஏற்பாட்டில் கையில் பை, பையில் வேட்டி எல்லாம் இருந்தது. நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது நிலைப்படியில் நின்று கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் சேலை, என் கண்ணாடி, கட்டிலுக்கு அடியில் என் பெட்டி. கையால் மெத்தையை அழுத்தினார். உட்கார்ந்தார். லேசாக ஒரு தரம் எம்பிப் பார்த்தார்.

"இதுல ஆரு படுக்கறது?"

"புள்ளதானுங் மாமா. அவ எடம்."

"அப்ப நான் எங்க அம்மிணி படுக்கறது?"

"அதானுங் மாமா எனக்கும் ரோசனையே ஓட மாட்டீங்குது. நீங்கதான் சொன்னீங்க, புள்ளைக்குன்னு ஒரு எடம் இருக்கோணும்னு. குடுத்தாச்சு. இப்பப் பாருங்க, உங்களுக்குன்னு ஒண்ணு இல்லாமப் போச்சு!"

அப்பா என்னைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், சித்தியின் திறந்த வாயைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் அடுப்படியிலிருந்து வாசனை வந்தது. நல்லெண்ணெயில் புளி கொதிக்கிற வாசனை. எத்தனை தரம் அந்த வீட்டில் வந்து படுத்த மனிதர் அவர்! தெரியாமல் இருக்குமா?

"அடிப்பாவி, எனக்குமா?" என்றார்.

"எலையா, போசியா மாமா?"

அப்பா சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கடைசி பஸ்ஸுக்கு அவர் கிளம்பினார், கையில் இலைப் பொட்டலத்தோடு. வாசலில் செருப்பை மாட்டும்போது, "லாரிக்காரங்க கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ உன்ற வேலயப் பாரு சாமி" என்றார். நான் உள்ளே ஓடிவந்து மெத்தையில் குப்புற விழுந்து அழுதேன். சைக்கிள் டியூப் வாசம் அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் கட்டிலில் எண்பத்திரண்டு வரைக்கும் படுத்தேன். ஒறம்பரைகள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அவர்களுக்குப் புளிச்சோறு கட்டுகிற வேலை குறையவே இல்லை. பிறகு எனக்குக் கோயமுத்தூருக்கு மாற்றல் வந்தது. கிளம்புகிற அன்று காலையில் கண் விழித்ததும் பழக்க தோஷத்தில் மூக்கை உறிஞ்சினேன். எந்த வாசனையும் இல்லை. குளித்துவிட்டு வந்தேன். அப்போதும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா வாசலில் நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. சண்டைக்குப் போகிறவள் மாதிரிக் கேட்டுவிட்டேன்.

"ஏனுங் சித்தி, ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கட்டிக் குடுக்கறீங்க. எனக்கு மட்டும் கட்டுச்சோறு இல்லீங்களா?"

"புளி தீந்து போச்சு கண்ணு" என்றாள்.

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். ஆட்டாங்கல்லுக்கு மேலே அலமாரியில் புளிப் பானை மூடி நிற்காத அளவுக்கு நிறைந்திருந்தது. திரும்பி வந்தேன். சித்தி என் கட்டிலுக்குப் புதுத் துப்பட்டி விரித்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்த எழவு மடங்காதுன்னு உனக்குத் தெரியுமல்ல. விரிச்சபடிதான் கெடக்கும். லீவு கெடைச்சா வா" என்றாள்.

ஈரோடு வருவதற்குள் எனக்குப் பசி உயிர் போனது. எதிர் இருக்கையில் ஒருவர் மடியில் வாழையிலைப் பொட்டலத்தை வைத்துப் பிரித்தார். ரயில் பெட்டி முழுக்கப் புளிச்சோற்று வாசனை. பாவம், எந்த வீட்டுச் சித்தி அனுப்பி வைத்தாளோ என்று நினைத்துக்கொண்டேன்.